கொஞ்சம் கத்தரிப்பூ கலந்த நீலம்

உங்களில் எத்தனை பேருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகிவிட்டது? வெட்கப்படாமல் கையைத் தூக்குங்கள். நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் சர்க்கரை, அப்புறம் முட்டி, அப்புறம் கண் என்று பேச்சு போவது வழக்கம்தானே. எனக்கு வலது கண் முடிந்து மூன்று வாரமாகிறது. இடது கண்ணுக்கு அடுத்த புதன்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள்.

ஒரு கண் முடிந்து இன்னொரு கண் முடியாமல் இருக்கும் இந்த இடைப்பட்ட நாட்கள் இருக்கிறதே, அது தனிக் கூத்து. நூம்பலில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடிக்குப் போய் நிற்கிறேன். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தால், கொடியில் காயும் வேட்டி வெள்ளையாக இருக்கிறது. வலதை மூடி இடதால் பார்த்தால், அதே வேட்டியை யாரோ டீத் தண்ணீரில் முக்கியெடுத்தது போல் இருக்கிறது. அடக் கொடுமையே, இத்தனை வருஷமாக இந்த டீத் தண்ணீர் வழியாகத்தானா நான் உலகத்தைப் பார்த்தேன்? வீட்டுச் சுவரைக்கூட கிரீம் கலர் என்று நினைத்திருந்தேன். “பெயிண்ட் அடிச்சப்பவே வெள்ளைதான் மாமி” என்கிறாள் மருமகள்.

அப்புறம் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தேன். மாற்றி மாற்றிக் கண்ணை மூடிப் பார்த்தேன். இடது கண்ணில் பழைய அழுக்கு நீலம். வலது கண்ணில், அம்மாடி, அப்படி ஒரு நீலத்தை நான் சின்ன வயதுக்கு அப்புறம் பார்த்ததே இல்லை. அழுகை வந்துவிட்டது. அழக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் வந்தது. அந்த நிமிஷத்தில் எனக்குப் பெரியத்தா ஞாபகம் வந்துவிட்டார். எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம், அத்தாவின் அண்ணன் பெரியத்தா. அவருக்கு எதிராக நான் ஒரே ஒரு தடவை சாட்சி சொல்லியிருக்கிறேன். எனக்கு அப்போது பத்து வயது. வழக்கு, வானத்தின் நிறத்தைப் பற்றியது.

பூந்தமல்லி கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு ஜவுளிக் கடை இருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து நடத்தினார்கள். உள்ளே புடவை, வேட்டி, துண்டு எல்லாம் அத்தாவின் பொறுப்பு. வாசல் ஓரமாக, வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கும். அது பெரியத்தாவின் இடம். அவருக்கு மேட்சிங் வேலை. புடவைக்குப் பொருத்தமாக ஜாக்கெட் துணி எடுத்துக் கொடுப்பார். இது ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள், ஒரு மயில் கழுத்துப் புடவையைத் தூக்கிக்கொண்டு நாலு கடை ஏறி இறங்கிப் பாருங்கள், தெரியும்.

அவருக்குப் பின்னால் அலமாரி முழுக்கத் துணிச் சுருள்கள். கிளிப்பச்சை, ராமா பச்சை, அரக்கு, வாடாமல்லி, மாம்பழ மஞ்சள், வெங்காயத் தோல். கஞ்சி வாடையும் புதுச் சாய வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறும். நீலத்தில் மட்டும் இரண்டு தட்டு நிறைய வைத்திருந்தார். அந்த நீலங்களை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. இப்போது கிடைக்கும் நீலத்துக்கெல்லாம் நம்பர்தான் இருக்கிறது.

டியூப் லைட் வெளிச்சத்தில் அவர் எதையும் முடிவு செய்ய மாட்டார். “டியூப் லைட்டு கல்யாண புரோக்கர்மா, எல்லாரையும் செவப்புன்னுதான் சொல்லும்” என்பார். புடவை முந்தானையையும் மூன்று நான்கு துணிகளையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குவார். சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்பார். துணியைப் பார்க்கும் முன்னால் தலையைத் தூக்கி வானத்தை ஒரு பத்து எண்ணும் நேரம் பார்ப்பார். லாரிக்காரன் ஹாரன் அடித்தாலும் நகர மாட்டார். “முன்னாடி பாத்த கலரு கண்ணுல ஒட்டிகினு இருக்கும். அத்த கழுவிட்டுதான் அடுத்தத பாக்கணும்” என்பார். அப்புறம்தான் துணியைப் பார்ப்பார். பார்த்தால் முடிந்தது. அந்தக் கண்ணுக்கு அப்பீல் கிடையாது. திருமழிசையிலிருந்தும் ஆவடியிலிருந்தும் பெண்கள் பஸ் ஏறி வருவார்கள்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர், கடலின் நிறம் பட்டுத்தான் வானம் நீலமாகத் தெரிகிறது என்று சொல்லிக் கொடுத்தார். நான் கடைக்குப் போய் அதை ஒப்பித்தேன். பெரியத்தா சிரித்தார்.

“பூந்தமல்லிக்கு ஏதுமா கடலு? செம்பரம்பாக்கம் ஏரி மழைக்குச் செம்மண் கலர்ல கீது. அப்போ நம்ம வானம் செவப்பா இல்ல இருக்கணும்?”

“அப்ப ஏன் பெரியத்தா நீலமா இருக்கு?”

“எனக்குக் கலரு தெரியும். காரணம் தெரியாது” என்றார்.

தெரியாது என்று இவ்வளவு சுலபமாகச் சொன்ன பெரிய மனிதர்களை அதற்கப்புறம் நான் அதிகம் பார்க்கவில்லை.

அந்தக் கண்தான் கெட்டுப் போனது. முதலில் கருநீலப் புடவைக்குக் கறுப்புத் துணி கிழித்துக் கொடுத்தார். அப்புறம் நீலத்துக்குப் பச்சை. அத்தா வெளியே சொல்லவில்லை. வாடிக்கைக்காரர்களுக்குக் கண்ஜாடை காட்டிவிட்டு, அண்ணன் முதுகுக்குப் பின்னால் சரியான துணியை மாற்றிக் கட்டிக் கொடுப்பார். பெரியத்தாவுக்கு அது தெரியாமலா இருக்கும்? ஒரு நாள் சட்டென்று திரும்பிவிட்டார். “எம் பின்னால இன்னாடா பண்ற?” என்றார். அத்தா கையிலிருந்த துணியை அவசரமாக மடித்து வைத்தார். மறு வாரமே அவரைக் கண் முகாமுக்குக் கூட்டிப் போனார்கள்.

நமக்கு இப்போது அரை மணியில் முடித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, இட்லி சாப்பிடச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அன்றைக்கு அப்படி இல்லை. கண்ணுக்குள் புரை விழுந்த லென்ஸை எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் வேறு எதையும் வைக்க மாட்டார்கள். காயம் ஆறியதும் வெளியே சோடா புட்டிக் கண்ணாடி ஒன்று கொடுப்பார்கள். உள்ளே வெறும் இடம்தான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது நாள் படுக்கை. தலையை ஆட்டக்கூடாது, இருமக்கூடாது, குனியவே கூடாது. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்க முடியாமல், உட்கார்ந்தபடியே தலையை ஒரு விரற்கடை அசைத்துத் தொழுதார். அதில் அவருக்குப் பெரிய துக்கம். அதைவிடப் பெரிய துக்கம் ஸ்டூல். கடையிலிருந்து யார் வந்தாலும் முதல் கேள்வி, “ஸ்டூல்ல யாரு குந்திகினு கீறாங்க?” என்பதுதான். என் அம்மாவின் தம்பி, மாமா, உட்கார்ந்திருந்தார். “சும்மா காவலுக்குத்தாண்ணே” என்பார் அத்தா. “காவலுக்குன்னா செரி” என்று பெரியத்தா கட்டுப் போட்ட கண்ணோடு கூரையைப் பார்ப்பார்.

பரீட்சை லீவு விட்ட வாரத்தில் கண்ணாடி வந்தது. கொல்லைப்புறத்தில் வைத்துப் போட்டுவிட்டார்கள். பெரியம்மா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் நின்றேன். கண்ணாடிக்குள் அவர் கண் ஒரு சாத்துக்குடி அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. வழக்கம்போலத் தலையைத் தூக்கினார். பத்து எண்ணி முடித்தும் இறக்கவில்லை.

“இன்னா தெரியுது? நீலம் தெரியுதா?” என்றார் பெரியம்மா.

“தெரியுது. நீலமும் தெரியுது, அதுக்கு மேல இன்னொண்ணும் தெரியுது. யாருடி இது, வானத்துல கத்தரிப்பூவ கலந்து உட்டது?”

“இன்னா உளர்றீங்க?”

“உளறல. கத்தரிப்பூ. கொஞ்சம்தான். ஆனா கீது.”

அந்த ஒரு வாரம் அவர் இருந்த சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்ல? குடையை விரித்து வெயிலில் பிடித்து, இது கறுப்பே இல்லை, ஊதா என்றார். பெரியம்மாவின் புர்காவைக் கொடியிலிருந்து எடுத்து, தோள் ஒரு கலர், கை ஒரு கலர் என்றார். சின்னக் குழந்தைக்குப் பலூன் கிடைத்தது போல ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பெரியம்மா மட்டும் அடுப்படியில் என் அம்மாவிடம் சன்னமான குரலில், “ஆபரேஷன்ல மூளை நரம்ப தொட்டுட்டாங்க போல கீதுடி” என்று அழுதார்.

ஸ்டூலுக்குத் திரும்பிய முதல் வாரமே வினை வந்தது. வெள்ளானூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் ஆனந்தா நீலப் புடவை கொண்டுவந்தார்கள். பெரியத்தா தெருவில் இறங்கி, வானத்தைப் பார்த்து, துணியைப் பார்த்து, ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார். தைத்த ஜாக்கெட்டோடு பெண்ணின் அம்மா மூன்றாம் நாள் திரும்பி வந்தார். நீலப் புடவைக்கு அப்பட்டமான ஊதா ஜாக்கெட். ஊதாவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

“இன்னா பாய், கண்ண ஊட்ல வச்சிட்டு வந்துட்டியா? மேல ஒரு கலரு கீழ ஒரு கலரு போட்டுகினு எம் பொண்ணு மணையில குந்தணுமா?”

பெரியத்தா ஜாக்கெட்டைப் புடவை மேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “செரியாத்தானம்மா கீது” என்றார். அவருக்கு அது சரியாகத்தான் தெரிந்திருக்கிறது. எங்களுக்கு அது எப்படித் தெரியும்? அத்தா கையெடுத்துக் கும்பிட்டு வேறு துணி கொடுத்து அனுப்பினார்.

அதற்கு மறுநாள் புர்காவுக்கென்று இரண்டு கறுப்புச் சுருள்கள் வந்து இறங்கின. பெரியத்தா இரண்டையும் வெயிலில் விரித்துவிட்டு, ஒன்றைத் தள்ளி வைத்தார். “இது கறுப்பு இல்ல. வேற சாயம். திருப்பி அனுப்பு” என்றார். மாமா சிரித்தேவிட்டார். எங்கள் எல்லாருக்கும் இரண்டும் ஒரே கறுப்பு.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆ தொழுகை முடிந்து கடை திறந்த நேரம். நான் மதியச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். கடை வாசலில் அத்தாவும் மாமாவும் நின்றிருந்தார்கள். பெரியத்தா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அத்தா கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம். நோயாளியிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

“அண்ணே, தப்பா நெனச்சிக்காத. ஒரே ஒரு கேள்விதான். வானம் இன்னா கலரு?”

எனக்கே அந்தக் கேள்வி எதற்கென்று புரிந்துவிட்டது. பெரியத்தாவுக்குப் புரியாதா? நீலம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஸ்டூல் அவருடையதாகவே இருந்திருக்கும். அந்தக் கேள்விக்கு எந்தக் குருடனும் பதில் சொல்லிவிடுவான். அவர் எழுந்து தெருவில் இறங்கினார். முகத்தைத் தூக்கினார். பத்து எண்ணினார்.

“நீலம்தான். ஊதா கலந்து கீது” என்றார்.

மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். அத்தா தரையைப் பார்த்தார். பெரியத்தா சுற்றிலும் பார்த்துவிட்டு, தூக்குச்சட்டியோடு நின்ற என்னிடம் வந்தார்.

“நீ சொல்லு பாப்பா. நீ பொய் சொல்ல மாட்ட. வானம் இன்னா கலரு?”

நான் நிமிர்ந்து பார்த்தேன். மேகமே இல்லாத சித்திரை மாத வானம். எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அந்த வானத்தில் எனக்கு ஒரு சொட்டு ஊதா அகப்படவில்லை. பொய் சொல்ல மாட்டாள் என்று எல்லார் முன்னாலும் அவர் சொன்னதில் எனக்கு ஒரே பெருமை வேறு.

“நீலம் பெரியத்தா. வெறும் நீலம்தான்.”

அவர் தலையை ஆட்டினார். என் உச்சியில் கைவைத்து, “செரிம்மா” என்றார். மடியில் எப்போதும் வைத்திருக்கும் கத்தரிக்கோலை எடுத்து மாமா கையில் கொடுத்தார். சாப்பாட்டை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். ஒரு சத்தம் இல்லை, ஒரு சண்டை இல்லை.

வானம் நீலம் என்று தீர்ப்புச் சொல்லாமல், எனக்கு அப்படித் தெரிகிறது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். “எனக்கு நீலமா தெரியுது பெரியத்தா, உங்களுக்கு எப்பிடித் தெரியுது?” என்று கேட்டிருக்கலாம். பத்து வயதில் அந்த வித்தியாசம் எங்கே தெரிகிறது? அறுபது தாண்டியும் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

அன்றிலிருந்து அவர் பின்கட்டில் உட்கார்ந்து துணி மடித்தார். நிறத்தைப் பற்றி அவராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எதையாவது எடுக்க வேண்டுமென்றால் என்னைக் கேட்பார். “பாப்பா, இது இன்னா கலரு?” நான் அரக்கு என்றால் அரக்கு. பச்சை என்றால் பச்சை. தன் கண்ணை என்னிடம் ஒப்படைத்துவிட்டார். தெருவில் நடக்கும்போது குனிந்தே நடந்தார். வானத்தைப் பார்த்துக் கண்ணைக் கழுவுகிற அந்தப் பழக்கம் நின்றே போனது.

ஐப்பசி அடைமழையில் கடைக்கூரை ஒழுகி அந்த இரண்டு கறுப்புச் சுருள்களும் நனைந்தன. ஒன்று அப்படியே இருந்தது. பெரியத்தா தள்ளி வைத்த சுருளிலிருந்து மட்டும் ஊதாச் சாயம் வழிந்து தரையெல்லாம் ஓடியது. மாமா ஒட்டத் துடைத்தார். அத்தா அந்தச் சுருளை மடித்து, பரணில் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தார். பின்கட்டு பத்தடி தூரம்தான். போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அத்தா நல்லவர், அவர் மேல் எனக்கு ரொம்பப் பாசம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் கோபம் ஆறவில்லை. நானும்தான் சொல்லவில்லை. சாயத் தண்ணீரில் காலை வைத்து விளையாடிவிட்டு, ஊதாக் காலோடு வீட்டுக்குப் போனேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் பெரியத்தா மௌத்தானார். அதோடு அந்த விஷயமும் புதைந்து போயிற்று என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வாரம் கண் டாக்டரிடம் பரிசோதனைக்குப் போனேன். சின்னப் பெண், என் மகளைவிட இளையவள். மகனும் கூட வந்திருந்தான். சும்மா கேட்பது போல, “ஏம்மா, வானம் ஏன் நீலமா இருக்கு?” என்றேன். சிரித்துவிட்டாள். ஆனால் நல்ல பெண், பொறுமையாகச் சொன்னாள்.

“சூரிய வெளிச்சத்துல எல்லா நிறமும் இருக்கு ஆன்ட்டி. காத்து வழியா வரும்போது சிவப்பு, மஞ்சள் எல்லாம் பெரும்பாலும் நேரா வந்துடும். நீலமும் ஊதாவும்தான் காத்துல பட்டு நாலா பக்கமும் சிதறும். அதான் எங்க பாத்தாலும் நீலம்.”

“ஊதாவும் சிதறுதா?”

“நீலத்தைவிட அதிகமாவே சிதறும். ஆனா சூரியன்லேர்ந்து வர்ற ஊதாவே கம்மி. நம்ம கண்ணும் ஊதாவைச் சரியா வாங்கிக்காது. அதுலயும் கடைசி ஓரத்து ஊதாவைக் கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸே வடிகட்டிடும்.”

“அந்த லென்ஸ எடுத்துட்டு, வேற வைக்காம விட்டா?”

“அந்தக் காலத்துல அப்படித்தான் விட்டாங்க. அவங்கள்ல சில பேருக்கு நமக்குத் தெரியாத ஊதா தெரிஞ்சிருக்கு. சில கறுப்புத் துணிகூட ஊதாவாத் தெரியும்னு சொல்வாங்க. ஏன் கேக்கறீங்க?”

வானத்தில் கத்தரிப்பூ இருந்திருக்கிறது. அன்றைக்குக் கடை வாசலில் நின்ற நாலு பேரில் அதைப் பார்க்கக்கூடிய கண் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. நாங்கள் மூன்று பேர் சேர்ந்துகொண்டு அவரைப் பின்கட்டுக்கு அனுப்பினோம். எங்களுக்குத் தெரியாத ஊதாவையும் பார்க்கிற கண்ணை வைத்துக்கொண்டு எங்கள் கண்ணுக்குப் பொருந்துகிற கல்யாண ஜாக்கெட் எடுக்க முடியாது, அது வாஸ்தவம். ஸ்டூல் போகத்தான் போயிருக்கும். ஆனால் பைத்தியம் என்ற பெயரோடு போயிருக்க வேண்டாம்.

“டாக்டரம்மா, இடது கண்ணுல லென்ஸ் வைக்காம விட்டுடறியா? ஒரு வாரம் மட்டும். அப்புறம் வச்சுக்கலாம்.”

அவள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். மகன், “அம்மா, சும்மா இருங்க” என்று பல்லைக் கடித்தான். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும், “உங்களுக்கு இன்னாச்சும்மா?” என்றான். பெரியம்மா அன்று கேட்ட அதே குரல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனிடம் என்னவென்று விளக்குவது?

ஆகவே புதன்கிழமை இடது கண்ணிலும் லென்ஸ் வைத்துவிடுவார்கள். புது லென்ஸும் அந்த ஓரத்து ஊதாவை வடிகட்டித்தான் விடுமாம். பெரியத்தா பார்த்த வானத்தை நான் பார்க்கப் போவதில்லை.

இன்று காலை பத்து மணி வாக்கில் மொட்டை மாடிக்குப் போனேன். மேகம் இல்லை. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றேன். இடது கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தூக்கி, மெதுவாகப் பத்து எண்ணினேன். நீலம். எனக்கு வெறும் நீலம்தான் தெரிந்தது.

“ஆமா பெரியத்தா, ஊதா கலந்து கீது” என்று சத்தமாகச் சொன்னேன்.